பன்னிரண்டாம் அளவு

எங்கள் நகைக்கடையில் வைர மோதிரப் பிரிவில் நிற்கிறவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர அது வேறு எங்கும் புழங்குவதில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் பன்னிரண்டு. வயதில் சின்னவர்களுக்குப் பன்னிரண்டக்கா. காரணம் அவளுடைய மோதிர விரல். பார்வைக்கு வைக்கிற மோதிரங்களை எல்லாம் பட்டறையில் பன்னிரண்டாம் அளவில்தான் செய்வார்கள். குண்டும் இல்லாமல் ஒல்லியும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கிற பெண் விரலுக்கு அதுதான் அளவு என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த நடுத்தர விரல் எங்கள் கடையில் இவளுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. டப்பா மடிக்கிற வேலைக்கு வந்தவளை மூன்றாம் மாதமே மோதிர கவுண்டருக்கு மாற்றினார்கள்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. கடைக்கு வந்த மோதிரம் ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது அவள் விரலில் ஏறி இறங்கியிருக்கும். ராஜ வீட்டுப் பெண்ணுக்குக்கூட அந்தக் கொடுப்பினை இருந்திருக்காது என்று நான் கிண்டல் செய்வேன். "ஆமாக்கா, எல்லாம் ரெண்டு நிமிஷத்துக்கு" என்பாள்.

நான் பில் போடுகிறவள். மோதிர கவுண்டருக்கு எதிரே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். என் வாய் கொஞ்சம் நீளம். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. இந்தக் கதையில் என் வாய்க்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனது. ஒன்றரை வருடம் இருந்தது. "சண்டையா?" என்று ஒருமுறை கேட்டேன். "சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லையேக்கா. அவருக்கு நான் வீட்டுல இருக்கறதே ஞாபகம் இருக்காது" என்றாள். அதற்கு மேல் நோண்ட எனக்கே மனம் வரவில்லை. பிறகு அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. அண்ணி நல்லவள்தான், ஆனால் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு நாத்தனார் நினைவு வரும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நாற்பதைத் தொட இரண்டு வருடம் இருக்கும்போது, இப்படியே போய்விடும் என்று அவளும் நினைத்திருப்பாள், நாங்களும் நினைத்தோம்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மோதிரம் வாங்கத் தனியாக வருகிற ஆண்களை அவள் சமாளிக்கிற விதமே தனி. அவர்களுக்கு மனைவியின் விரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. இருபது வருடம் குடித்தனம் நடத்தியிருப்பார்கள், கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். கடைசியில் இவள் கையைப் பார்த்து, "ஏறக்குறைய உங்க விரல் மாதிரிதாங்க" என்பார்கள். உலகத்தில் இருக்கிற எல்லா மனைவிகளுக்கும் இவள் விரல் மாதிரிதான். அதனால் வைரம், தங்கம், விலை என்று எதைப் பேசுவதற்கும் முன்னால் அவள் கேட்கிற முதல் கேள்வி, "விரல் அளவு தெரியுமா?" தெரியாது என்றால், "வீட்டுல அவங்க பழைய மோதிரம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, இல்லேன்னா நூல்ல அளந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அளவு வராமல் அவள் கையிலிருந்து ஒரு ஆர்டர் சீட்டும் பட்டறைக்குப் போனதில்லை.

லிஃப்ட்காரர் வந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் கடை நாலு மாடி. லிஃப்ட் பழசு. அதைப் பார்த்துக்கொள்கிற கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை ஆள் வருவார்கள். முன்பு வந்துகொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் இவர் வந்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று இருக்கும். நெட்டையான ஆள். உயரத்தை மறைக்கிற மாதிரி லேசாகக் குனிந்து நடப்பார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ரகம். ஒரு நாள் லிஃப்ட் இரண்டாம் மாடியில், அதாவது எங்கள் மாடியில், கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. அதைச் சரிசெய்து, ஏதோ பட்டனை அழுத்திவிட்டு, கயிறு ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றவர் கண்ணில் மோதிர ட்ரே பட்டது. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கவுண்டருக்கு ஓரடி தள்ளி நின்றார்.

"இங்க வைர மோதிரம் என்ன விலையிலேர்ந்து இருக்குங்க?"

"உங்க கையில எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க. அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் பன்னிரண்டு.

அவர் ஒரு தொகை சொன்னார். சொல்லும்போதே காது மடல் சிவந்துவிட்டது. எங்கள் கடையில் வேறு யாராக இருந்தாலும் அந்தத் தொகைக்குப் பொடிக்கல்லாகச் சேர்த்துப் பூ மாதிரி கட்டிய மோதிரத்தைத் தலையில் கட்டி அனுப்பியிருப்பார்கள். இவள், "இந்தப் பணத்துக்கு ஒத்தைக் கல்லே வரும். ஆனா அவசரப்படக் கூடாது. நல்லதா ஒண்ணு மாட்டற வரைக்கும் பாத்துட்டே இருக்கணும்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க. போனஸ் வந்தாத்தான் முழுசா சேரும். மாசா மாசம் இங்க வரத்தானே போறேன்."

அன்றைக்கு அவள் விரல் அளவு கேட்கவில்லை. நான் கவனித்தேன். ஏதோ சும்மா விசாரிக்கிற ஆள், வாங்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் வேலை முடிந்து, கை கழுவி, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வருவார். அவள் கறுப்புத் துணி விரித்து வைத்திருப்பாள். இரண்டாவது தடவை இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எது பெரிசு?" என்று கேட்டாள். அவர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினார்.

"அதுதான் சின்னது. வெட்டு நல்லா இருக்கு, உள்ள போற வெளிச்சம் பூராவும் மேல திரும்பி வருது, அதான் பெரிசாத் தெரியுது. இந்த இன்னொண்ணு எடை ஜாஸ்தி. ஆனா எடையை எல்லாம் வயித்துல வெச்சிருக்கு. அந்த எடைக்கும் சேத்துத்தான் நீங்க பணம் குடுக்கணும், மேலேர்ந்து பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"எங்க லிஃப்ட்ல கவுண்டர்வெயிட்டுன்னு ஒரு எடைக்கட்டி இருக்குங்க. சுவரோரமா இருட்டுக்குள்ளயே ஏறி இறங்கும். ஏறினவங்க யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

"அது இல்லாம லிஃப்ட் ஓடுமா?"

"ஓடாதுங்க."

"அப்போ அது வேணும். இது வேணாம்" என்று கனமான கல்லை எடுத்துத் தாளில் மடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கவுண்டரில் நின்று பன்னிரண்டு பல் தெரியச் சிரித்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாடிக்கையாளருக்கென்று அவளிடம் வேறு ஒரு சிரிப்பு இருக்கிறது. அது உதட்டோடு நின்றுவிடும்.

அரை கேரட்டுக்கு ஆசைப்பட வேண்டாம் என்று ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தாள். நூறு சென்ட் ஒரு கேரட், ஐம்பது சென்ட் அரை கேரட். அந்த ஐம்பது என்ற எண்ணைத் தொட்டதும் விலை ஒரு தாவு தாவிவிடும். நாற்பத்தேழு சென்ட்டில் எடுத்தால் அந்தத் தாவல் மிச்சம். குறைகிற மூன்று சென்ட் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இன்னொரு மாதம் நிறம். வெள்ளைத் தாளை மடித்து, அந்த மடிப்புக்குள் கற்களைக் கவிழ்த்து வைத்து, எது சுத்த வெள்ளை, எது லேசாக மஞ்சள் தட்டுகிறது என்று காட்டினாள். "மஞ்சள் தங்கத்துல வைக்கப் போறோம்னா சுத்த வெள்ளைக்குக் கொட்டிக் குடுக்கறது வீண். தங்கத்தோட சாயலே கல்லுல ஏறிடும்." அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் இப்படிக் கேட்டிருந்தால் ஆள் எங்கேயோ போயிருப்பார்.

"ஆய்வகத்துல வளக்கற வைரம்னு சொல்றாங்களே, அது எப்படி?" என்று கேட்டார் ஒரு தடவை.

"அதுவும் வைரம்தான். மண்ணுல விளைஞ்சாலும் மெஷின்ல விளைஞ்சாலும் சரக்கு ஒண்ணுதான். விலை பாதிகூட இருக்காது. நாள் ஆக ஆக இன்னும் இறங்கிட்டேதான் வருது. அதுக்காக மண்ணுல விளைஞ்சதைத் திரும்ப விக்கப் போனா குடுத்த பணம் வரும்னு நினைச்சுக்காதீங்க. அதுவும் வராது."

"விக்கறதுக்கா வாங்கறேன்?" என்றார்.

கடை ஆள் வாயால் இப்படி உண்மையைச் சொல்வாளா என்று எனக்கு ஆச்சரியம். மேனேஜர் காதில் விழுந்திருந்தால் தொலைந்தாள். ஆனால் அவள் அப்போது கடைக்காக விற்றுக்கொண்டிருக்கவில்லை. தனக்கே வாங்குவதுபோல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று மோதிரங்களை விரலில் போட்டு, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். அவர் ஓரடி தள்ளி நின்று அந்தக் கையைப் பார்ப்பார். ஒருமுறை, "வேலை பாக்கற கைங்க. கல்லு ரொம்பத் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். அவள் தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

இது போதாதா எனக்கு? வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். "வேலை பாக்கற கையாம்ல? யார் கையாம் அது?"

"நீ சும்மா இரு அக்கா. அவர் பொதுவாச் சொன்னார்."

"பொதுவா வைர மோதிரம் வாங்கற ஆம்பளையை நான் இன்னும் பாக்கலை."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நடுவில் அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல். பார்க்கப் போனேன். கட்டில், ஒரு ஸ்டூல், மடக்கு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். அண்ணி கொண்டுவந்து வைத்த காபி ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்தது. காலண்டரில் மாதத்துக்கு ஒரு தேதியின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நான் உற்றுப் பார்க்கிற ஜென்மம். முதலில் வேறு ஏதோ என்று நினைத்தேன், பிறகு உறைத்தது. லிஃப்ட் சர்வீஸ் நாள். வருடக் கடைசி வரைக்கும் முன்கூட்டியே புள்ளி வைத்திருந்தாள். அன்றைக்கு நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு மாதத்தில் அரை மணி நேரம். அதற்கு இருபத்தொன்பது நாள் காத்திருக்கிறாள்.

எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ அந்தக் கல் வந்தது. நாற்பத்தேழு சென்ட். வெட்டு அபாரம். ஓரத்தில் மட்டும் ஒரு வெண்மையான கீற்று, உள்ளுக்குள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸை அவர் கையில் கொடுத்து, இமையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கல்லை இடுக்கியில் எடுத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் தேடினார்.

"தெரியுதுங்க. ஒரு நூல் பிசிறு மாதிரி."

"அதேதான். அது இருக்கறதாலதான் இந்த விலை. கல்லைப் பிடிச்சுக்க நாலு பிடி வைப்போம் இல்லையா, அதுல ஒரு பிடி அந்தக் கீத்து மேல வர்ற மாதிரி பதிச்சா அதுவும் மறைஞ்சுடும்."

"மறைச்சா ஏமாத்தற மாதிரி ஆகாதுங்களா?"

"சர்டிபிகேட்லயே எழுதியிருக்கு. உங்ககிட்டயும் காட்டிட்டேன். இதுல யாரை ஏமாத்தறோம்?"

போனஸுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை அந்தக் கல்லைத் தாளில் மடித்து டிராயரின் பின்மூலையில் தள்ளி வைத்தாள். பணம் கட்டாத கல்லை ஒதுக்கி வைப்பது கடை ஒழுங்குக்கு விரோதம். மாதா மாதம் இருப்புப் பார்க்கும்போது முன்னால் எடுத்து வைத்து, பார்த்து முடித்ததும் மறுபடி பின்னால் தள்ளுவாள். அவர் வருகிறபோது எடுத்துக் காட்டுவாள். புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அவராகவே லென்ஸை வாங்கிப் பார்ப்பார். "பிசிறு பத்திரமா இருக்குங்க" என்பார். அதைவிட நல்ல கல் ஒன்று நடுவில் வந்து, விலையும் ஒத்து வந்தபோது, "வேணாங்க, இது பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பதினான்காவது மாதம் போனஸ் வந்தது. ஆர்டர் எழுதினார்கள். அவர் பணம் கட்ட என் கூண்டுக்கு வந்தார். நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கல் நாற்பத்தேழு சென்ட், மஞ்சள் தங்கம், தாழ்வான பதிப்பு, நான்கு பிடி. விரல் அளவு: 12.

எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் ட்ரேயில் இருக்கிற மோதிரங்களை வரிசைப்படுத்துவதில் மும்முரமாக இருந்தாள். இந்த ஊமை மனிதர் கடைசியில் அளவைச் சொல்லியே விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று நான் நினைத்தேன். மற்ற மூன்று மாடிக்கும் செய்தி போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான்தான் அனுப்பினேன். வெள்ளிப் பிரிவுக்காரி இறங்கி வந்து பன்னிரண்டின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பன்னிரண்டு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் மோதிரம் பட்டறையிலிருந்து வந்தது. வாங்கிப் போக அவர் வந்தார். கொடுப்பதற்கு முன்னால் பிடிகள் துணியில் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக அவள் மோதிரத்தை விரலில் போட்டு, மெல்லிய துணியின் மேல் கையைத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட மாட்டவில்லை. கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

நான் கூண்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மோதிரத்தைக் கழற்றினாள், துடைத்தாள், டப்பாவில் வைத்தாள். அவர் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கடையில் வைத்துக் கேட்க வெட்கம், வெளியில் வைத்துக் கேட்பார் என்றேன். இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் எப்படிக் கேட்பார் என்றாள் வெள்ளிப் பிரிவுக்காரி. நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு காரணம் கண்டுபிடித்தோம். பன்னிரண்டு அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் கடையை விட்டு இறங்கியதும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். பஸ் நிறுத்தம் இடப்பக்கம். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

எட்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அவர் வந்தார். கூட ஒரு பெண் வந்தாள். அவரைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். தாட்டியான உடம்பு, களையான முகம். பிரெட் செய்கிற பேக்கரியில் மாவு பிசைகிறவள் என்று பிறகு தெரிந்தது. கைகளைப் பார்த்தாலே தெரியும். அகலமான உள்ளங்கை, முட்டி பருத்த விரல்கள். கவுண்டருக்கு வந்ததும் அவளாகவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்கதானே அந்த மேடம்? இவர் எங்க வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுத்தான். வெட்டுங்கறார், சென்ட்டுங்கறார், எனக்கு ஒரு எழவும் புரியல. கல்லு அவ்வளவு அழகா இருக்கு. ஆனா பாருங்க, என் விரல் முட்டியைத் தாண்ட மாட்டேங்குது. சோப்பு போட்டும் பாத்துட்டேன்."

டப்பாவைத் திறந்து கவுண்டரில் வைத்தாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் குனிந்தபடி நின்றார்.

"தப்பு என்னோடதுதாங்க. உங்க கையில எல்லா மோதிரமும் சரியாப் போச்சு. லேடீஸ் மோதிரம்னா ஒரே அளவுலதான் வரும்னு நினைச்சுட்டேன். நீங்களும் அளவு கேக்கலையா, அதனால எனக்குத் தோணவே இல்லை."

மேனேஜர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றுவிட்டார். கோப்பிலிருந்து சீட்டின் நகலை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பத்தொன்பது வருஷ சர்வீஸ். கஸ்டமர்கிட்ட அளவு கேக்கலையா? நீங்களா பன்னெண்டுன்னு போட்டீங்களா?" என்றார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்த மாடியில் எல்லோரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டார்கள். மூன்று வாரமாக எல்லோருக்கும் அந்தப் பன்னிரண்டைப் பற்றித் தெரியும். நான்தானே சொல்லி வைத்திருந்தேன். என் நாக்கைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"மறந்துட்டேன் சார்" என்றாள் பன்னிரண்டு.

பிறகு அவள் டிராயரைத் திறந்து அளவு வளையங்கள் கோத்த கொத்தை எடுத்தாள். "கையைக் குடுங்கம்மா" என்றாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். பதினாறு முட்டியில் நின்றது. பதினேழு தாண்டி உட்கார்ந்தது. ஐந்து அளவு ஏற்றுவதற்கு வளையத்தை இழுக்க முடியாது, இழுத்தால் பிடிகள் தளர்ந்து கல் ஆடும், கல்லை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் வளையம் செய்ய வேண்டும், பிசிறின் மேல் பிடி வருகிற மாதிரி பட்டறையில் நானே சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். செலவைக் கடை ஏற்றுக்கொள்ளும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். குரல் பிசகவில்லை அவளுக்கு. எனக்குத்தான் எதிரில் இருந்த கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்குப் போக மனம் இல்லை. மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணத்தை எழுதப் போறோம் மேடம். அதுக்குள்ள கைக்கு வந்துடுமில்ல? வாங்கினதுலேர்ந்து டப்பாவுக்குள்ளயே பாத்துட்டு இருக்கேன். விரல்ல போட்டா எப்படி இருக்கும்னே தெரியல. நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். இவர் சொன்னார், உங்க கையில அவ்வளவு பாந்தமா இருக்குன்னு."

அவள் வஞ்சகம் இல்லாமல்தான் கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. பன்னிரண்டு பத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலையும் அதுதான். லிஃப்ட்காரரும் மோதிரத்தைப் பார்க்கிற ஆவலில் முகத்தை நிமிர்த்தினார். பன்னிரண்டு மோதிரத்தைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"விக்கற வரைக்கும்தாம்மா நாங்க போட்டுக் காட்டுவோம். ஒருத்தருக்குன்னு வித்தாச்சுன்னா அப்புறம் நாங்க போடக் கூடாது. கடை ரூல்ஸ்" என்றாள்.

"ஓ, அப்படியா?" என்று அந்தப் பெண் மரியாதையாகத் தலையசைத்தாள்.

எங்கள் கடையில் அப்படி ஒரு விதி கிடையாது.

மோதிரத்தை உறையில் போட்டு ஒட்டினாள். புதுச் சீட்டில் பதினேழு என்று எழுதி, அந்தப் பெண்ணிடம் காட்டி, கையெழுத்து வாங்கினாள். இரண்டு பேரும் படியிறங்கும்போது அந்தப் பெண் ஏதோ சொல்ல, அவர் சிரித்தது கேட்டது.

நான் கூண்டைப் பூட்டிவிட்டுப் போனபோது அவள் கை கழுவுகிற இடத்தில் நின்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் மேல் வர வேண்டிய ஆத்திரத்தை அந்த மனிதர் மேல் திருப்பினேன். பதினாலு மாதம் வந்து நின்று கையைக் கையைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஜடம் என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அவரைத் திட்டாதக்கா. அவர் என்ன பண்ணார்? யாராவது கேட்டாத்தானே சொல்லுவார்."

"நீ நிஜமாவே மறந்துட்டியாடீ?"

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதல் நாளே நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுக்கா. விரல் அளவு தெரியுமான்னு கேட்டிருந்தா, யார் விரலுன்னு அப்பவே சொல்லியிருப்பார். அடுத்த மாசம் கேக்கலாம், அதுக்கு அடுத்த மாசம் கேக்கலாம்னு தள்ளிட்டே வந்தேன். கேட்டிருந்தா இந்தப் பதினாலு மாசம் எனக்கு ஏது?"